எட்டு மணி நேர வேலை சிகாகோவில் கிடைத்ததா?

மே 2, காலை (வாசகர் கேள்வி)

நேற்று எங்கள் ஊர் ஆலை வாசலில் பேசிய ஒருவர், "1886 மே 1 அன்று சிகாகோ வீதியில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவர்கள் சிந்திய ரத்தத்தில்தான் நமக்கு எட்டு மணி நேர வேலை கிடைத்தது" என்றார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அமெரிக்காவில் நடந்த ஒன்றை இத்தனை நாடுகள் கொண்டாடும்போது, அமெரிக்காவில் மே 1 ஏன் விடுமுறை நாள் இல்லை? எனக்குப் பதில் தெரியவில்லை.

மே 2, பகல் 1.15

அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மே 1 அன்று சிகாகோவில் யாரும் சுடப்படவில்லை. சனிக்கிழமையான அன்று ஊர்வலங்கள் அமைதியாகவே முடிந்தன. துப்பாக்கிச் சூடு மே 3 அன்று மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலை வாசலில் நடந்தது. குண்டு வெடித்தது மே 4 இரவு, ஹேமார்க்கெட் சதுக்கத்தை ஒட்டிய தெருவில். மூன்றாவது பிழைதான் பெரியது: எட்டு மணி நேரம் அங்கே கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் மிகப் பலருக்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் பறிபோயிற்று.

அவரைக் குற்றம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒரு நூற்பாலையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பதினொரு ஆண்டுகள் சங்கச் செயலாளராக இருந்தேன். ஒவ்வொரு மே தினத்திலும் வாயிற்கூட்டத்தில் இதே வாக்கியத்தை, அவரைவிட உரத்த குரலில், நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்பிருந்த செயலாளர் சொன்னதைக் கேட்டுச் சொன்னேன், அவர் யாரிடம் கேட்டாரோ. ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது.

மே 2, இரவு 9.40

முதலில் மே 1 என்ற தேதி. அது ஹேமார்க்கெட்டில் பிறந்ததன்று. அக்கால அமெரிக்க நகரங்களில் வீட்டு வாடகை ஒப்பந்தங்களும் கட்டடத் தொழில் ஒப்பந்தங்களும் மே முதல் நாளில் புதுப்பிக்கப்படுவது வழக்கம். சிகாகோவில் அன்று பாதி ஊரே மூட்டை முடிச்சுகளுடன் வீடு மாறிக்கொண்டிருக்குமாம். நமக்குத் தை பிறந்தால் வழி பிறப்பதுபோல அவர்களுக்கு மே.

சிகாகோ மே 1-ஐ அதற்கு முன்பே ஒரு முறை எட்டு மணி நேரத்துக்காகக் கொண்டாடி ஏமாந்திருக்கிறது. இலினாய் மாநிலச் சட்டமன்றம் 1867-இலேயே எட்டு மணி நேரச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு மே 1 முதல் நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. தொழிலாளர்கள் அன்று மேளதாளத்துடன் ஊர்வலம் போனார்கள். ஆனால் வேறு ஒப்பந்தம் ஏதும் இல்லாத இடத்தில்தான் எட்டு மணி நேரம் செல்லும் என்று ஓர் ஓட்டை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. முதலாளிகள் பத்து மணி நேர ஒப்பந்தத் தாளை நீட்டினார்கள்; கையெழுத்துப் போட்டவர்களுக்கு வேலை, போடாதவர்களுக்குத் தெரு. எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் சில நாட்களில் கலைந்துபோயிற்று.

1884-இல் ஒரு சிறிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு சிகாகோவில் கூடி, 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே சட்டப்படியான வேலைநாள் என்று தீர்மானம் போட்டது. அதனிடம் பணமும் இல்லை, ஆள் பலமும் இல்லை. அன்றைக்குப் பெரிய அமைப்பு நைட்ஸ் ஆப் லேபர். அதன் தலைவர் டெரன்ஸ் பவுடர்லி, பொது வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று தம் கிளைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். கிளைகள் கேட்கவில்லை. நாடு முழுவதும் மூன்று லட்சம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள் என்றும், சிகாகோவில் மட்டும் நாற்பதாயிரம் பேர் என்றும் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தலைமை வேண்டாம் என்று சொன்ன போராட்டத்தில் தொழிலாளர்கள் தாமாகக் குதித்ததை நானும் ஒரு முறை கண்டிருக்கிறேன். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எவ்வளவு சங்கடம் என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். பவுடர்லிமேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

மே 3, காலை 6.50

மெக்கார்மிக் தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்காகவா சுட்டார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாக அதற்காக அன்று. அங்கே பிப்ரவரியிலிருந்தே கதவடைப்பு.

அதன் பின்னணி எனக்கு நெருக்கமானது என்பதால் சற்று நீட்டுகிறேன். அறுவடை இயந்திரத்தின் இரும்புப் பாகங்களை மணலில் அச்செடுத்து வார்க்கும் மோல்டர்கள் அங்கே தனிச் சங்கம் வைத்திருந்தார்கள். நம் கோவை பவுண்டரிகளில் கைதேர்ந்த மோல்டருக்கு இருந்த மரியாதையைப் பார்த்தவர்களுக்கு அதன் எடை புரியும். 1885-இல் அவர்கள் வேலையை நிறுத்தியபோது நிர்வாகம் பணிந்தது. பணிந்த கையோடு காற்றழுத்தத்தால் இயங்கும் வார்ப்பு இயந்திரங்களை வாங்கி நிறுத்தி, பழகாத ஆட்களைக் கொண்டு அவற்றை ஓட்டி, மோல்டர்களை வெளியேற்றியது. பிறகு சங்கமே கூடாது என்று கதவை அடைத்தது. வாசலுக்கு வெளியே பழைய ஆட்கள், உள்ளே போலீஸ் காவலுடன் கருங்காலிகள். மே 3 அன்று வேலை முடிந்து கருங்காலிகள் வெளியே வந்தபோது கைகலப்பு மூண்டது. போலீசார் சுட்டதில் குறைந்தது இருவர் இறந்தார்கள்.

எங்கள் ஆலையில், நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அறுந்த நூலை அவர்கள் முடிச்சுப் போடும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. போனஸ் தகராறில் எங்களை வெல்ல வைத்ததே அந்தப் பிரிவுதான். அடுத்த ஆண்டே அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஆட்டோகோனர் இயந்திரம் வந்தது. இயந்திரம் வந்தது உற்பத்திக்காக என்று நிர்வாகம் சொன்னது, பழிவாங்க என்று நாங்கள் சொன்னோம். இரண்டும் ஒரே விலைச்சீட்டுக்குள் அடங்கும் என்பது மெக்கார்மிக் கதையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மே 3, இரவு 11.30

இன்று முழுவதும் ஹேமார்க்கெட் பற்றியே கேட்டிருக்கிறீர்கள்.

மெக்கார்மிக் வாசலுக்கு அருகே அன்று மரக்கிடங்குத் தொழிலாளர்களிடம் பேசிக்கொண்டிருந்தவர் ஆகஸ்ட் ஸ்பைஸ். 'அர்பைட்டர் ஸைட்டுங்' என்ற ஜெர்மன் மொழி நாளிதழின் ஆசிரியர். துப்பாக்கிச் சூட்டைக் கண்ட கொதிப்பில் அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஒரு துண்டறிக்கை எழுதினார். அதன் உச்சியில் 'பழிக்குப் பழி' என்று பெரிய எழுத்தில் இருந்த தலைப்பு தம்முடையது அன்று, அச்சுக்கோப்பவர் தாமாகச் சேர்த்தது என்று பின்னர் அவர் கூறினார். மறுநாள் கூட்டத்துக்கான நோட்டீசிலும் இதே தலைவலி. 'ஆயுதம் தாங்கி வாருங்கள்' என்ற வரியைக் கண்டவுடன், அதை நீக்காவிட்டால் பேச வரமாட்டேன் என்று ஸ்பைஸ் சொல்லிவிட்டார். வரி நீக்கப்பட்டது, ஆனால் அதற்குள் சில நூறு பிரதிகள் அச்சாகி வெளியே போய்விட்டன. வழக்கில் அந்தச் சில நூறு பிரதிகள்தான் பேசின. சங்க நோட்டீசை அச்சகத்தில் கொடுத்துவிட்டு மெய்ப்புப் பார்க்காமல் வந்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூங்க முடியாது. எங்கள் நோட்டீஸ் ஒன்றில் 'கோரிக்கை' என்பது 'கேளிக்கை' என்று வந்து, நிர்வாக மேலாளர் அதைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்போடு போயிற்று.

மே 4 இரவுக் கூட்டத்துக்கு மூவாயிரம் பேர்வரை வந்திருந்தார்கள். மேயர் கார்ட்டர் ஹாரிசன் தாமே வந்து நின்று கேட்டுவிட்டு, ஆபத்து ஒன்றுமில்லை என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மழை வருவதுபோல் இருந்ததால் கூட்டம் கரைந்து சில நூறு பேராகிவிட்டது. கடைசிப் பேச்சாளர் சாமுவேல் பீல்டன் முடிக்கும் தறுவாயில், ஏறத்தாழ 10.30 மணிக்கு, இன்ஸ்பெக்டர் ஜான் பான்பீல்ட் 170-க்கு மேற்பட்ட போலீசாரை அணிவகுத்து நடத்தி வந்தார். கலைந்து போகும்படி உத்தரவு. அமைதியாகத்தானே இருக்கிறோம் என்று பீல்டன் சொல்லிவிட்டு, மேடையாக நின்ற வண்டியிலிருந்து இறங்கும்போது எங்கிருந்தோ குண்டு வந்து விழுந்தது. மத்தியாஸ் டேகன் என்ற காவலர் உடனே இறந்தார். அடுத்தடுத்த நாட்களில் மேலும் ஆறு காவலர்கள் இறந்தார்கள். இருட்டில் போலீசார் நாலா பக்கமும் சுட்டதில் பொதுமக்களில் குறைந்தது நால்வர் இறந்தார்கள். தம் சகாக்களின் தோட்டாக்களாலேயே காயமுற்ற காவலர்களும் பலர்.

குண்டை வீசியவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. கூட்டம் நடத்திய எட்டுப் பேர்மீது வழக்குப் போட்டார்கள்.

மே 4, காலை 7.20

நேற்றிரவு தூக்கக் கலக்கத்தில் 'கூட்டம் நடத்திய எட்டுப் பேர்' என்று எழுதிவிட்டேன். தவறு. குண்டு வெடித்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஸ்பைஸும் பீல்டனும் மட்டுமே. ஆல்பர்ட் பார்சன்ஸ் பேசி முடித்துவிட்டு அருகிலிருந்த மதுக்கடையில் மனைவியுடன் இருந்தார். அடால்ப் பிஷரும் அங்கேயே இருந்தார். மைக்கேல் ஷ்வாப் வேறொரு கூட்டத்தில் பேசப் போயிருந்தார். ஜார்ஜ் எங்கல் தம் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். லூயிஸ் லிங்கும் ஆஸ்கர் நீபேயும் அந்தப் பக்கமே வரவில்லை. அப்படியானால் எதற்காகத் தண்டித்தார்கள் என்றால், அவர்களுடைய பேச்சும் எழுத்தும்தான் யாரோ ஒருவரைக் குண்டு வீசத் தூண்டின என்பதே அரசுத் தரப்பின் வாதம். யாரைத் தூண்டின என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை என நீதிபதி ஜோசப் கேரி ஏற்றுக்கொண்டார். 1886 ஆகஸ்ட் 20 அன்று ஏழு பேருக்குத் தூக்கு, நீபேக்குப் பதினைந்தாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

பார்சன்ஸ் குண்டு வெடித்த இரவே தப்பி விஸ்கான்சினில் மறைந்து வாழ்ந்தவர். யாராலும் கண்டுபிடிக்க முடியாத நிலையில், விசாரணை தொடங்கிய ஜூன் 21 அன்று தாமே நீதிமன்றத்துக்குள் நடந்து வந்து கூட்டாளிகளுக்கு அருகே உட்கார்ந்தார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுகிறேன்.

மே 4, மாலை 5.05

'எல்லோரும் வெளிநாட்டவர்தானே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அன்றைய சிகாகோ நாளிதழ்களும் அதையேதான் எழுதின.

கணக்குப் பாருங்கள். எட்டுப் பேரில் ஐவர் ஜெர்மனியில் பிறந்தவர்கள், பீல்டன் இங்கிலாந்துக்காரர், நீபே நியூயார்க்கில் பிறந்த ஜெர்மானியர் மகன். பார்சன்ஸ் பரம்பரை அமெரிக்கர். பையனாக இருந்தபோது உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் சண்டையிட்டு, பிறகு கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசப்போய் டெக்சாஸில் இருக்க முடியாமல் சிகாகோவுக்கு வந்தவர். ஆனால் அந்த ஊரில் யார் வெளிநாட்டவர் இல்லை? 1880-இல் ஐந்து லட்சமாக இருந்த சிகாகோவின் மக்கள்தொகை 1890-இல் பதினோரு லட்சத்தை நெருங்கிவிட்டது. இத்தனை பேரும் அங்கேயே பிறந்தவர்களாக இருக்க முடியாது. ரயில் பாதைகள், இறைச்சித் தொழில், மரக்கிடங்கு, எஃகு ஆகிய அனைத்தும் கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போஹிமியர், போலந்துக்காரர் கைகளில்தான் ஓடின. அவர்கள் வேலை செய்தவரை அவர்கள் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

1887 நவம்பர் 11 அன்று ஸ்பைஸ், பார்சன்ஸ், பிஷர், எங்கல் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். முந்தைய நாள் லிங்க் சிறைக்குள்ளேயே வெடிமருந்துக் குழலைக் கடித்து உயிரை மாய்த்துக்கொண்டார். பீல்டனுக்கும் ஷ்வாபுக்கும் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. ஆறாண்டு கழித்து, 1893 ஜூன் 26 அன்று, ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் மிச்சமிருந்த மூவரையும் விடுவித்தார். கருணை காட்டுகிறேன் என்று சொல்லி முடித்திருந்தால் அவரை யாரும் பெரிதாகத் திட்டியிருக்க மாட்டார்கள். ஜூரிகளைப் பொறுக்கியெடுத்த விதமே மோசடி என்றும், நீதிபதி ஒரு சார்பாக நடந்தார் என்றும் பக்கம் பக்கமாக எழுதி விடுவித்தார். 1896 தேர்தலில் தோற்றார். ஆல்ட்கெல்டும் ஜெர்மனியில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர்தான். நாளிதழ்கள் அதையும் மறக்காமல் எழுதின.

மே 5, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது, என் பழைய மேடைக்குரல் அதில் கேட்டது. ஆகவே இரண்டு செய்திகளைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, லிங்க் உண்மையிலேயே வெடிகுண்டுகள் செய்தார். அவரும் மறுக்கவில்லை. அரசே கூடாது என்ற கொள்கைக்காரர்களான இந்த அராஜகவாதிகளின் இதழ்கள் டைனமைட்டைப் பற்றி மிகத் தாராளமாக எழுதின. எழுதியதற்காகத் தூக்கில் போடலாமா என்பது ஒரு கேள்வி, அப்படி எழுதினார்களா என்பது வேறு கேள்வி. வாயிற்கூட்டத்தில் நான் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, புறாக்களைப் போன்ற அப்பாவிகள் என்றே சொல்லிவந்தேன்.

இரண்டாவது இன்னும் சங்கடமானது. 'எட்டு மணி நேரத் தியாகிகள்' என்று நாம் வணங்கும் இவர்களில் முக்கியமானவர்கள் 1885 வரை எட்டு மணி நேரக் கோரிக்கையை ஏளனமாகவே பார்த்தார்கள். கூலி முறையே ஒழிய வேண்டும் என்பவர்களுக்கு, அதன் நேரத்தைக் குறைக்கக் கேட்பது சில்லறைப் பேரமாகத் தோன்றியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அந்தப் பேரத்தின் பின்னால் திரள்வதைக் கண்ட பிறகுதான், ஒதுங்கி நிற்கக்கூடாது என்று பார்சன்ஸும் ஸ்பைஸும் உள்ளே வந்தார்கள். இதனால் எனக்கு அவர்கள்மீது மதிப்புக் குறையவில்லை. தாங்கள் பெரிதாக மதிக்காத ஒரு கோரிக்கைக்காகத் தூக்குக் கயிறு வரை போனவர்களை என்னவென்று சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மே 5, இரவு

பறிபோயிற்று என்று சொன்னீர்களே, எப்படி என்று கேட்கிறார் முதல் கேள்வியைக் கேட்டவர். சிகாகோ இறைச்சித் தொழிலாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அவர்களுக்கு எட்டு மணி நேரம் கிடைத்துவிட்டது. அக்டோபரில் முதலாளிகள் ஒன்றுசேர்ந்து பத்து மணி நேரத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். வேலைநிறுத்தம் தொடங்கி நடந்துகொண்டிருக்கும்போதே வேலைக்குத் திரும்பும்படி பவுடர்லி உத்தரவிட்டார். திரும்பினார்கள், பத்து மணி நேரத்துக்கு. (முன்பு சொன்ன இரக்கத்தை இங்கே பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.) அவ்வாண்டு ஏழு லட்சத்தைத் தாண்டியிருந்த நைட்ஸ் ஆப் லேபரின் உறுப்பினர் எண்ணிக்கை, 1890-க்குள் ஒரு லட்சமாக வற்றிவிட்டது.

மே 6, பகல்

குடியேறிகளும் உள்ளூர்க்காரர்களும் தோளோடு தோள் நின்றார்கள் என்று ஒருவர் உணர்ச்சியுடன் எழுதியிருக்கிறார். சிகாகோவைப் பற்றிய வரையில் ஓரளவு சரி. மேற்கே கொஞ்சம் போனால் கதை வேறு.

1882-இல் அமெரிக்க அரசு சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதற்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. 1892-இல் அதை நீட்டித்தார்கள், 1902-இல் காலவரையின்றி ஆக்கினார்கள், 1943-இல்தான் நீக்கினார்கள். அந்தத் தடையை வேண்டி உரக்கக் குரல் கொடுத்தவற்றில் தொழிற்சங்கங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளையர் சுருட்டிய சுருட்டு என்று காட்டப் பெட்டியில் வெள்ளைச் சீட்டு ஒட்டி விற்றார்கள். பின்னாளில் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவிய சாமுவேல் கோம்பர்ஸ் லண்டனில் பிறந்து வந்து சுருட்டுச் சுற்றியவர்; அவரும் கடைசிவரை இந்தத் தடையை ஆதரித்தார்.

ஹேமார்க்கெட்டுக்கு எட்டு மாதம் முன்பு, 1885 செப்டம்பர் 2 அன்று, வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளைத் தொழிலாளர்கள் திரண்டு சீனர் குடியிருப்புக்குத் தீ வைத்து 28 பேரைக் கொன்றார்கள். கொன்றவர்களிலும் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆனவர்கள். ரயில்வே நிறுவனம் 1875-இல் ஒரு வேலைநிறுத்தத்தை உடைக்கச் சீனர்களை அங்கே கொண்டுவந்திருந்தது. குறைந்த கூலிக்கு ஆள் இருக்கும்வரை தங்கள் சங்கம் தலையெடுக்காது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இந்த 28 பேருக்காக எந்த வாயிற்கூட்டத்திலும் யாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் எங்கள் ஆலைக்கு ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டி வந்து விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். பன்னிரண்டு மணி நேரம். நான் வாயிற்கூட்டத்தில் பேசியது அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றி அன்று, அந்தப் பிள்ளைகளைப் பற்றி. 'நம் சோற்றில் மண் போட வந்தவர்கள்' என்றேன். நல்ல கைதட்டல். அவர்களில் ஒருவன் விடுதி மாடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாது என்று நான் நினைத்தேன். மறுநாள் கேண்டீனில் அவன் என்னிடம் நல்ல தமிழில் "அண்ணா, எனக்கும் சங்கத்தில் சீட்டு போடுவீர்களா" என்று கேட்டான். நான் போடவில்லை. விதி இடம் கொடுக்கவில்லை என்று சொன்னேன். விதி இடம் கொடுத்தது.

மே 6, இரவு

மேலே எழுதியதை எடுத்துவிடும்படி ஒரு பழைய தோழர் தொலைபேசியில் சொன்னார். அது இருக்கட்டும்.

மே 7

மகளின் கேள்விக்கு வருகிறேன், ஐந்து நாள் தாமதமாக.

அமெரிக்காவில் தொழிலாளர் தினம் உண்டு. செப்டம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமை. 1882 செப்டம்பர் 5 அன்று நியூயார்க்கில் நடந்த ஊர்வலத்திலிருந்து வளர்ந்த வழக்கம் அது. நாடு முழுவதற்குமான விடுமுறையாக அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் கையெழுத்திட்டது 1894 ஜூன் 28. அப்போது சிகாகோவின் நிலைமை என்ன? ரயில் பெட்டி செய்யும் ஜார்ஜ் புல்மன், தொழிலாளர்களுக்கென்று தம் பெயரிலேயே ஊர் கட்டி வாடகை வாங்கியவர், வியாபாரம் மந்தமானபோது கூலியை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. மே 11 அன்று வேலைநிறுத்தம். ஜூன் கடைசியில் யூஜின் டெப்ஸின் ரயில்வே சங்கம் புல்மன் பெட்டி இணைத்த எந்த வண்டியையும் தொடமாட்டோம் என்று அறிவிக்க, நாட்டின் ரயில் போக்குவரத்து முடங்கியது. விடுமுறைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஒரு வாரத்துக்குள் அதே கிளீவ்லண்ட் சிகாகோவுக்கு ராணுவத்தை அனுப்பினார். வேண்டாம் என்று எதிர்த்து எழுதிய ஆளுநர், நமக்கு ஏற்கெனவே பழக்கமான ஆல்ட்கெல்ட். டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை.

ஒரு கையில் விடுமுறை, மறு கையில் துப்பாக்கி என்று மேடையில் சொல்ல இது வசதியான செய்தி. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதற்கு முன்பே செப்டம்பர் விடுமுறையை ஏற்றிருந்தன. புல்மனுக்காகத் திடீரென்று முளைத்ததன்று. பிற்காலத்தில் மே 1 சோவியத் நாட்டின் கொண்டாட்டமாகிவிட, 1958-இல் அமெரிக்கா அந்த நாளுக்கு 'விசுவாச தினம்' என்று சட்டப்படி பெயர் சூட்டியது. விடுமுறை கிடையாது.

டெப்ஸின் சங்கத்திலும் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. புல்மன் பெட்டிகளில் பணியாளர்களாக இருந்தவர்கள் அவர்களே. மே 6 குறிப்புக்கு இது பின்னிணைப்பு.

மே 8, காலை

சரி, எட்டு மணி நேரம் எப்போதுதான் வந்தது? துண்டு துண்டாக. 1893-இல் ஆல்ட்கெல்ட் ஆட்சியில் இலினாயில் தொழிற்சாலைப் பெண்களுக்கு எட்டு மணி நேரம் என்று சட்டம் வந்தது. அதற்காகப் போராடிய புளோரன்ஸ் கெல்லியையே தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அவர் நியமித்தார். வேலை செய்யும் பெண்ணின் ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று சொல்லி, 1895-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. 1867-இல் ஓட்டையாக இருந்த ஒப்பந்தம், 1895-இல் உரிமை என்ற பெயரில் திரும்பி வந்ததைக் கவனியுங்கள். ரயில்வேக்கு 1916-இல். எஃகு ஆலைகளில் பன்னிரண்டு மணி நேரம் 1923 வரை நீடித்தது. பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் நாளில் தொடர்ந்து இருபத்து நான்கு மணி நேரம் உலை முன் நின்றார்கள். 1938-இல் வந்த மத்தியச் சட்டத்தில்கூட 'ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்' என்ற வரையறை இல்லை. வாரத்துக்கு 44 மணி, 1940 முதல் 40 மணி, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி என்பதே அதன் கணக்கு. வயலில் வேலை செய்பவர்களை அது விட்டுவிட்டது.

உலகில் முதன்முதல் என்றும் சொல்ல வேண்டாம். மெல்போர்ன் நகரக் கல்தச்சர்கள் 1856-இலேயே எட்டு மணி நேரத்தை வாங்கிவிட்டார்கள்.

மே 8, இரவு

மூன்றாண்டுக்கு முன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹேமார்க்கெட்டைப் பார்க்கப் போனேன். பெரிய சதுக்கத்தை எதிர்பார்த்துப் போனவனுக்குக் கிடைத்தது நடைபாதை ஓரத்தில் ஒரு வண்டியும் அதன்மேல் முகம் தெளியாத சில மனிதர்களும். 2004-இல் வைத்த சிற்பம். அதற்கு முன் அங்கே நினைவாக இருந்தது 1889-இல் நிறுவிய காவலர் சிலை. 1927-இல், அதே மே 4 அன்று, ஒரு டிராம் வண்டி தடம் புரண்டு அந்தச் சிலையை மோதித் தள்ளியது. தினமும் கையைத் தூக்கிக்கொண்டே நிற்கும் அந்த ஆளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது என்று ஓட்டுநர் சொன்னாராம். 1969-இலும் 1970-இலும் தீவிர இடதுசாரி இளைஞர்கள் அதற்கு வெடி வைத்தார்கள். இப்போது போலீஸ் தலைமையகத்தில் பத்திரமாக நிற்கிறது.

தூக்கிலிடப்பட்டவர்களின் கல்லறை நகருக்கு மேற்கே பாரஸ்ட் பார்க்கில், ஜெர்மானியர் நிறுவிய வால்தைம் இடுகாட்டில் இருக்கிறது. விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு பெண் மலர்வளையம் வைக்கும் சிலை. இறந்தவர்களில் எத்தனை பேர் பெயரை எனக்குத் தெரியும் என்று மகன் கேட்டான். பதினொரு மே தினப் பேச்சு பேசியவன், இரண்டு பெயர்தான் சொன்னேன்.

மே 9

'அப்படியானால் தோற்ற நாளையா கொண்டாடுகிறோம்' என்று மகள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், நேற்றுவரை. 1889-இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாட்டின் தீர்மானத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் ஹேமார்க்கெட் என்ற சொல்லே இல்லை. எட்டு மணி நேரத்துக்காக எல்லா நாடுகளிலும் ஒரே நாளில் திரள வேண்டும், அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனம் ஏற்கெனவே 1890 மே 1-ஐக் குறித்துவிட்டதால் அந்த நாளையே வைத்துக்கொள்வோம் என்று மட்டும் இருக்கிறது. சம்மேளனம் அந்தத் தேதியைக் குறித்தது 1888 டிசம்பரில், செயின்ட் லூயிஸில். அதாவது, தூக்குக்கு ஓராண்டு கழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவதற்காக. இம்முறை எல்லோரும் ஒரே நாளில் நிற்க வேண்டாம், ஒரு தொழில் மட்டும் முன்னே போகட்டும், மற்றவர்கள் பணம் கொடுத்துத் தாங்கட்டும் என்று முடிவு செய்து தச்சர்களை முன்னே அனுப்பினார்கள். 1890-இல் பல நகரங்களில் தச்சர்களுக்கு எட்டு மணி நேரம் கிடைத்தது. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-இல் இரண்டு இடங்களில் மே தினக் கூட்டம் நடத்தியபோது அவர் பின்பற்றிய நாளும் இந்த இரண்டாம் முயற்சியின் நாள்தான்.

கட்டுரையைத் தச்சர்களிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள். சிகாகோ இரண்டாம் பத்தியில் வரட்டும். அவளுக்கு இடம் இருந்தால் ராக் ஸ்பிரிங்ஸுக்கும் ஒரு வரி.